கோர்ட்டு அல்ல, கோர்

ஓய்வு பெற்றவனைப் பார்க்க வருகிறவர்கள் கேட்பது இரண்டே கேள்விகள். உடம்பு எப்படி இருக்கிறது? நம்ம பையனுக்கு ஒரு வேலை ஆகுமா? முதல் கேள்விக்கு நான் வாய் திறப்பதற்குள் இரண்டாவது வந்துவிடும்.

நான் கடலூரில் நீதிமன்ற அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். நீதிபதிக்குக் கீழே இருக்கிற அலுவலகம் முழுவதையும் கட்டி மேய்க்கிற ஆளுக்கு அந்தப் பெயர். எந்த மனு எந்த விதியின்கீழ் வரும், எந்த முத்திரை எந்த மூலையில் விழவேண்டும், எந்தக் கட்டு எந்த அலமாரியில் தூங்குகிறது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. வேலை வாங்கித் தருவது எப்படி என்பது மட்டும் தெரியாது. அதற்கு ஒரு நடைமுறை இருக்கிறது. அந்த நடைமுறையின் எந்தப் பத்தியிலும் சிரஸ்தாரின் மைத்துனர் என்றோ மருமகள் என்றோ ஒரு சொல் கிடையாது.

இதை நம்பாதவர்களில் முதல் ஆள் என் தங்கையின் கணவர். சிதம்பரத்தில் பெயிண்ட், குழாய், தாழ்ப்பாள், கீல் எல்லாம் விற்கிற கடை வைத்திருக்கிறார். திறக்காத கதவு என்று உலகத்தில் ஒன்று கிடையாது, கீலுக்கு எண்ணெய் விடவேண்டும், அவ்வளவுதான் என்பது அவருக்குத் தொழில் தந்த தத்துவம். அவருடைய ஒரே மகள் சிதம்பரத்திலேயே மெக்கானிக்கல் எஞ்சினியரிங் முடித்தாள். வகுப்பில் பெண்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். முடித்த கையோடு சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியின் பயிற்சியில் சேர்ந்து, அங்கே விடுதியில் இருந்தாள்.

ஒருநாள் காலையில் மாப்பிள்ளை என் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஒரு கையில் கற்பூரவள்ளி வாழைப்பழச் சீப்பு, இன்னொரு கையில் இனிப்புப் பெட்டி. பெட்டியைத் திறக்காமலே நெய் வாசனை வந்தது. காரியம் பெரிது என்று புரிந்தது.

“மச்சான், நீங்க செஞ்சதுக்கு நான் என்னா செஞ்சாலும் ஈடாவாது.”

“நான் என்னா செஞ்சேன் மாப்ள?”

“அதான, நீங்களா சொல்லப்போறீங்க? பாப்பாக்கு கோர்ட்டுல வேல ஆயிடிச்சி. அதுவும் கடலூர்லயே. முந்தாநேத்து போன் பண்ணிச்சி.”

“எந்தக் கோர்ட்டுல?”

“நல்லா கேட்டீங்க போங்க. நீங்க ஆண்டுக்கினு இருந்த கோர்ட்டுலதான்.”

நான் அவரை உட்காரவைத்து நடைமுறையைச் சொன்னேன். முதலில் அறிவிப்பு வரவேண்டும். பிறகு விண்ணப்பம், எழுத்துத் தேர்வு, நேர்முகம், தேர்வுப் பட்டியல், சான்றிதழ் சரிபார்ப்பு, அதற்கப்புறம்தான் உத்தரவு. இதில் எதுவுமே நடக்காமல் ஒரு பெண் சென்னையிலிருந்து நேராக வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட முடியாது. அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கதாகாலட்சேபம் கேட்கிறவர் முகம்.

“தெரியும் மச்சான். வெளிய சொல்லக் கூடாது. உங்க கட்டுப்பாடு உங்களுக்கு.” ஒரு கண்ணை மெதுவாக மூடித் திறந்தார். “நானும் யார்கிட்டயும் மூச்சு வுட மாட்டேன்.”

மறுக்காவிட்டால் ஒப்புக்கொண்டதாக ஆகும். மறுத்தால் தன்னடக்கம் என்று ஆகிறது. இப்படிப்பட்ட குற்றச்சாட்டுக்கு எந்தச் சட்டத்திலும் எதிர்வாதம் எழுதிவைக்கவில்லை. அவர் போனபிறகு அவர் மகளுக்கு, அதாவது என் மருமகளுக்கு, போன் செய்தேன்.

“கோர்ட்டா? யாரு மாமா சொன்னது?”

“உங்கப்பா. பழம், ஸ்வீட்டோட வந்து சொல்லிட்டுப் போறாரு.”

“ஐயோ மாமா. நான் கோர்னு சொன்னேன். கோர்.”

எனக்குத் தெரிந்து தமிழில் கோர் என்றால் மாலை கோர்ப்பது. ஆங்கிலத்தில் ஆப்பிளைத் தின்றபின் தூக்கியெறிகிற பாகம். இரண்டிலும் யாருக்கும் சம்பளம் தரமாட்டார்கள். அவள்தான் விளக்கினாள். எஞ்சினியரிங் பிள்ளைகள் படிக்கிற துறை எதுவோ அந்தத் துறையிலேயே கிடைக்கிற வேலைக்குக் கோர் என்று பெயராம். மெக்கானிக்கல் படித்தவன் எந்திரம் இருக்கிற இடத்துக்கு வேலைக்குப் போனால் அவன் கோரில் இருக்கிறான். வங்கி, மென்பொருள், காப்பீடு, காவல்துறை என்று வேறு எங்கே போனாலும் கோர் அல்ல. படித்த படிப்புக்கே வேலை பார்ப்பது அவ்வளவு அபூர்வமாகி, அதற்கென்று தனியாக ஒரு சொல் தேவைப்பட்டிருக்கிறது.

கடலூர்த் தொழிற்பேட்டையில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில், எந்திரப் பராமரிப்புப் பிரிவில் பயிற்சி எஞ்சினியராக அவளை எடுத்திருந்தார்கள். நேர்முகத்துக்கு வந்து, உத்தரவையும் வாங்கிக்கொண்டு, சென்னை விடுதியைக் காலி செய்வதற்காகக் கடலூர்ப் பேருந்து நிலையத்தில் வண்டி ஏறும்போது அப்பாவுக்கு போன் செய்திருக்கிறாள். “கோர்லதாம்பா கெடச்சிருக்கு. கடலூர்லயே.” அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் கடையில் பெயிண்ட் கலக்குகிற மெஷின் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அது ஓடும்போது பக்கத்துக் கடைக்காரர்கூடக் கத்தித்தான் பேசுவார். கோர், கடலூர், மச்சான் வேலை பார்த்த இடம். விட்டுப்போன ‘ட்டு’வை அவரே போட்டுக்கொண்டுவிட்டார்.

மருமகள் முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சட்டென்று நிறுத்தினாள்.

“மாமா, அப்பா யார்கிட்டயாச்சும் சொல்லிட்டாரா?”

மூச்சு விடமாட்டேன் என்றவர் என்னிடம் வருவதற்கு முன்பே சிதம்பரத்தில் தேர் ஓடும் வீதிகள் நான்கிலும் மூச்சு விட்டிருந்தார். குறிஞ்சிப்பாடியில் ஒரு குடும்பம். போன தை மாதம் மருமகளின் ஜாதகத்தை வாங்கி வைத்துக்கொண்டு பதிலே சொல்லாமல் இருந்தவர்கள். செய்தி காதில் விழுந்ததும் அவர்களே போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். பையன் கிராம நிர்வாக அலுவலர், கம்மாபுரம் பக்கம். அரசாங்கத்துக்கு அரசாங்கம், பொருத்தம் பார்க்கவே வேண்டாம்.

மருமகள் அன்றைக்கே அப்பாவை போனில் கூப்பிட்டு உண்மையைச் சொல்லியிருக்கிறாள். அவர் போனை வைத்துவிட்டார். அடுத்து என்னைத்தான் கூப்பிட்டார். “சனிக்கெழம வாங்க மச்சான். பேசணும்.” காலையில் வந்தபோது குரலில் இருந்த நெய் வாசனை இப்போது இல்லை.

சனிக்கிழமை சிதம்பரத்தில் அவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தோம். மருமகள் சென்னையைக் காலி செய்துகொண்டு வந்திருந்தாள். மூட்டை முடிச்செல்லாம் ஒரு மூலையில் அவிழ்க்காமல் கிடந்தன. தங்கை காப்பி கொடுத்துவிட்டு, போகாமல் நின்றாள்.

“ஃபேக்டரின்னு சொன்னா எவன் வருவான் மச்சான்?” என்று மாப்பிள்ளை ஆரம்பித்தார். “கோர்ட்டுன்னதும் அவுங்களே போன் பண்றாங்க. நாளைக்கி கோர்ட்டுன்னே இருந்துட்டுப் போவட்டும். அதுக்குப் பரீச்ச வெப்பாங்கன்னு நீங்கதான சொன்னீங்க? எழுதட்டும். பாஸ் பண்ணிட்டா அது பொய்யே இல்ல. கொஞ்சம் முன்கூட்டிச் சொன்ன உண்ம.”

முன்தேதியிட்ட உண்மைக்குத் தண்டனைச் சட்டத்தில் வேறு பெயர் இருக்கிறது. அதை அப்போது சொல்லவில்லை.

“பாஸ் பண்ணா நான் என்னவா ஆவேன் மாமா?” என்று மருமகள் கேட்டாள்.

“நகல் சரிபார்க்குற வேல. இல்லன்னா அமீனா.”

“அமீனான்னா?”

“சம்மன கொண்டுபோய்க் குடுக்கணும். ஜப்தி பண்ணணும். வீட்ட காலி பண்ணாதவங்க கதவப் போய்த் தட்டணும்.”

“ஃபேனுக்குக் கீழ ஒக்காந்து பாக்குற வேல,” என்றார் மாப்பிள்ளை.

“அமீனா எந்த ஃபேனுக்குக் கீழயும் ஒக்காரமாட்டாரு மாப்ள. ஊர் ஊரா நாய்ங்ககிட்டத் தப்பிச்சிக்கினு ஓடுவாரு.”

அரசாங்க வேலையை நான் குறைத்துச் சொல்கிறவன் அல்ல. எனக்கு வீடு கொடுத்தது அது. இப்போது ஓய்வூதியம் கொடுக்கிறது. ஓய்வூதியம் இல்லாதவனுக்கு நக்கல் கட்டுப்படியாகாது. ஆனால் என் அலுவலகத்திலேயே எஞ்சினியரிங் படித்துவிட்டு வந்தவர்கள் இருந்தார்கள். ஒருவன் மெக்கானிக்கல். பதிவறையில் தண்டவாளத்தில் தள்ளுகிற அலமாரி ஒன்று மாட்டிக்கொண்டு நகராமல் நின்றது. முறைப்படி எழுதிப்போட்டு ஆள் வருவதற்காகக் காத்திருந்தோம். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவன் சட்டையைக் கழற்றிவிட்டு அடியில் படுத்து, கையை விட்டு எதையோ நிமிர்த்தினான். அலமாரி நகர்ந்தது. அன்று அவன் முழங்கைவரை கிரீஸோடு வந்து சோறு தின்றதைப் போல வேறு எந்த நாளும் தின்று பார்த்ததில்லை. மறுபடி நகல் சரிபார்க்கப் போய்விட்டான். இதை அந்தக் கூடத்தில் சொன்னேன். மாப்பிள்ளைக்கு அது தன் கட்சிக்காரரே தனக்கு எதிராகச் சாட்சி சொன்ன மாதிரி இருந்தது.

“சரி, அந்த சாஃப்ட்வேரையாச்சும் வுடாம இருந்திருக்கலாம்ல?” என்று மகள் பக்கம் திரும்பினார். “அதுல சம்பளம் ஜாஸ்தி. இது கம்மி. கம்மியான எடத்துக்கு ஓடுற ஒரே ஆளு நீதான்.”

“அங்க என்னா வேலன்னு தெரியுமாப்பா? ஒரு பட்டன அழுத்துனா நீலமா மாறுதான்னு பாக்கணும். மாறுனா மாறுதுன்னு எழுதணும். அடுத்த நாளு அதே பட்டனு.”

“மாறுதுல்ல? அப்பறம் என்னா?”

“அது மாறலன்னாலும் யாருக்கும் ஒண்ணும் ஆவாதுப்பா.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “மாமா, கோச்சிக்கக் கூடாது. உங்க கோர்ட்டுல ஒரு கேசு வருஷக்கணக்கா நின்னாலும் யாரும் ஓடி வரமாட்டாங்க. எங்க பம்பு நின்னா மேனேஜரே செருப்பு போடாம ஓடி வருவாரு.”

நான் கோபித்துக்கொள்ளவில்லை. சட்டப்படி அதில் பிழை இல்லை.

கல்லூரியில் மூன்றாம் வருஷம் அதே தொழிற்சாலைக்குப் பயிற்சிக்கு இவர்களை அழைத்துப் போயிருக்கிறார்கள். குளிர்விக்கும் தண்ணீரைத் தள்ளுகிற பம்புகள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தனவாம். ஒரு நீள ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பேரிங் கூட்டின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு அழுத்திக் கேட்கச் சொல்லியிருக்கிறார்கள்.

“நல்ல பேரிங்னா மழ பேயிற மாதிரி கேக்கும் மாமா. ஒரே சீரா. கெட்டுப்போவப் போறதுன்னா மழைக்குள்ள ஒரு கூழாங்கல்லு உருளும். எங்க பேட்ச்ல எல்லாரும் கேட்டாங்க. எல்லா பம்பும் ஒண்ணாதான் இருக்குதுன்னுட்டாங்க. நான் மூணாவது பம்புல கல்லு உருளுதுன்னேன். பிரிச்சிப் பாத்தாங்க. உருண்டுச்சி.”

இதைச் சொல்லும்போது அவள் வலது கை, இல்லாத ஸ்க்ரூடிரைவரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“நம்ம கடையிலயுந்தான் மெஷினு ஓடுது,” என்றார் மாப்பிள்ளை. “அத கேட்டுக்கினு ஒக்காரு.”

“அது ஓடுனதாலதான இவ்ளோ பிரச்சன,” என்றாள் தங்கை. அவள் அன்று பேசிய முதல் வாக்கியம். “மெஷின நிறுத்திட்டு போன எடுத்திருந்தா குறிஞ்சிப்பாடிக்காரங்களுக்குக் கேசரி கிண்ட வேண்டிய வேல எனக்கு வந்திருக்குமா?”

கடைசியில் வழக்கு இரண்டு வரிகளுக்கு வந்து நின்றது. மருமகள் சொன்னாள்: பெண் பார்க்க வரட்டும், உட்காருகிறேன், பொய் சொல்லமாட்டேன், வியாழக்கிழமை கம்பெனியில் சேரவேண்டும். மாப்பிள்ளை சொன்னார்: கல்யாணம் பேசி முடிகிறவரை எந்தக் கம்பெனியிலும் சேரக்கூடாது. உத்தரவை வாங்கிப் பார்த்தேன். குறிப்பிட்ட நாளில் சேரவில்லையென்றால் நியமனம் தானாகவே ரத்து என்று தெளிவாக எழுதியிருந்தது. தவணை, நீட்டிப்பு, மேல்முறையீடு எதற்கும் இடமில்லை. எழுதியவனுக்கு என்னிடம் வேலை பார்த்திருக்க வேண்டிய தகுதி இருந்தது. அதாவது வியாழக்கிழமை அவள் போகவில்லையென்றால் கோர் என்ற கதை அவளுக்கு முடிந்துவிடும். அடுத்தது சென்னை பட்டன், அல்லது அமீனாவின் நாய்.

“நாளைக்கி அவுங்க கேட்டா நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க மச்சான். சிரஸ்தாரே சொன்னா அதுக்கு மேல யாரு கேக்கப்போறா?”

“கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுவேன் மாப்ள. அதுவும் தெரிஞ்சத மட்டும்.”

“அண்ணே, நீ யாரு கட்சி?” என்று தங்கை கேட்டாள்.

“கட்சி இல்ல. சாட்சி.”

அவள் காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். “ஒண்ணுத்துக்கும் ஒதவாத சாட்சி,” என்று உள்ளேயிருந்து கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை குறிஞ்சிப்பாடியிலிருந்து ஒரு காரில் நான்கு பேர் வந்தார்கள். பையன், அப்பா, அம்மா, அம்மாவின் அண்ணன். பேசுகிற பொறுப்பு அம்மாவின் அண்ணனுக்கு. ஒவ்வொரு குடும்பத்திலும் அப்படி ஒருவர் நியமனம் ஆகியிருப்பார். எதற்கும் செலவு செய்யமாட்டார், எல்லாவற்றுக்கும் கேள்வி கேட்பார். பையன் வெளிறிய நீலச் சட்டையில், தலையைக் குனிந்துகொண்டு, பட்டா மாறுதல் மனுவைப் படிக்கிற பாவனையில் கேசரியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மருமகள் வந்து வணங்கிவிட்டு அவள் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பையனின் மாமா ஒரு வாழைக்காய் பஜ்ஜியை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“நீங்கதான் சிரஸ்தாரு. கேள்விப்பட்டிருக்கோம். பொண்ணு கோர்ட்டுல எந்த செக்சன்ல?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை மட்டும் பார்க்கவில்லை. அவர் சுவரில் தன் கடை காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார். நான் ஒரு வாக்கியத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தேன். பொய்யும் இல்லாமல், உடைக்காமலும், மேல் நீதிமன்றம் போனாலும் நிற்கிற மாதிரி. அப்படிப்பட்ட வாக்கியங்களைத் தயாரிப்பதில் என் காலம் முழுவதும் போயிருக்கிறது. ஆனால் அவற்றுக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

“கோர்ட்டு இல்லைங்க,” என்றாள் மருமகள். “கோர்.”

பஜ்ஜி பாதி வழியில் நின்றது.

“கோர்னா? ஐகோர்ட்டா?”

கேசரியைப் பார்த்துக்கொண்டிருந்த பையன் சிரித்துவிட்டான். சிரிப்பை அடக்கப் பார்த்து, புரையேறி, தண்ணீர் குடித்தான்.

“இல்ல மாமா. கோர்னா கோர் கம்பெனி. மெக்கானிக்கல் படிச்சிட்டு மெக்கானிக்கல்லயே போறது.” முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தான். “மெயின்டெனன்ஸா, புரடக்சனா?”

“மெயின்டெனன்ஸ்.”

“பம்பெல்லாம் வருமா?”

“பம்பு, கம்ப்ரசர், ப்ளோயர். எல்லாம் சுத்துற ஐட்டம்தான்.”

“சீலு மாத்தியிருக்கீங்களா?”

“டிரெயினிங்ல ஒண்ணு. கூட இருந்து மாத்துனேன்.”

பம்பின் தண்டைச் சுற்றி ஒழுகாமல் அடைக்கிற ஒரு சாமானுக்குச் சீல் என்று பெயராம், பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அப்போது எனக்குத் தெரிந்த சீல் மேசையில் மைப்பெட்டியோடு இருக்கிறது மட்டும்தான்.

“நானும் மெக்கானிக்கல்தான்,” என்றான் பையன். “இப்ப நான் குத்துறது வேற சீலு.”

அவள் சிரித்தாள். அவன் இன்னொரு கேள்விக்கு வாயைத் திறந்தான். அவன் அம்மா முந்திக்கொண்டாள்.

“ஷிப்ட்டு உண்டாம்மா?”

“உண்டுங்க.”

“நைட்டும் இருக்குமா?”

“இப்ப பகல்தாங்க. அப்பறம் வந்தாலும் வரும்.”

கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. எத்தனையோ வக்கீல்கள் பயிற்சி கொடுத்தும் இப்படி ஒரு சாட்சியை நான் பார்த்ததில்லை. பையனின் மாமா பாதி பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

“சரி, ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்.”

தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது என்பதற்கு எங்கள் பக்கத்தில் வழங்குகிற சொல் அது. வாசலில் கார்க்கதவைப் பிடித்துக்கொண்டு பையன் திரும்பி, “எந்தக் கம்பெனி பம்புங்க?” என்று கேட்டான். அவள் சொல்வதற்குள் அவன் மாமா, “ஏறுடா வண்டில,” என்றார். ஏறினான். எனக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. ஆனால் ஜன்னல் ஏற்றிய காருக்குள் பிடித்தவர், பிடிக்காதவர் எல்லாரும் ஒரே மாதிரிதான் தெரிகிறார்கள். அவர்கள் சொல்லி அனுப்பவில்லை.

மாப்பிள்ளை மகளைத் தாண்டிப் போனார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. என்னிடம்தான் வந்தார்.

“நீங்க வாயத் தொறக்கல மச்சான்.”

“தொறக்கத்தான் இருந்தேன். உங்க பொண்ணு முந்திக்கிச்சி.”

“நாளைக்கி நாலு பேரு கடையில கேப்பான். நான் என்னா சொல்லுவேன்?” சட்டையை மாட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் கடைக்குப் போய்விட்டார். போகிறபோது வாசலில் நின்று, யாரையும் பார்க்காமல், “வியாழக்கெழமல்லாம் ஒண்ணும் கெடையாது,” என்றார்.

தங்கை அவர் தெருமுனை திரும்புகிறவரை பார்த்தாள். பிறகு உள்ளே வந்து, மூலையில் கிடந்த மூட்டைகளில் பெரியதை எடுத்து மகளிடம் கொடுத்தாள். “அண்ணே, நாளைக்கி நீ போறப்ப இவளையும் கூட்டிக்கினு போ. அவருகிட்ட நான் சொல்லிக்கிறேன்.” என்ன சொல்லிக்கொண்டாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அது பதிவேட்டில் ஏறாத விசாரணை.

திங்கட்கிழமை மருமகள் என்னோடு கடலூருக்கு வந்தாள். மஞ்சக்குப்பத்தில் என் வீட்டு முன்னறையை எடுத்துக்கொண்டாள். மத்தியானம் கம்பெனியிலிருந்து போன் வந்தது. பாதுகாப்புக் காலணி, அதாவது முன்பக்கம் இரும்புத் தொப்பி வைத்த சேஃப்டி ஷூ, அவர்களிடம் இருப்பதெல்லாம் ஆண்கள் அளவு. ஆறாம் நம்பருக்குக் கீழே கிடையாது. இவளுக்கு நாலாம் நம்பர். வரவழைக்க நாளாகும், அதுவரை பிளான்ட்டுக்குள் விடமுடியாது, ஆபீஸில் உட்காரலாம் என்றார்கள்.

“ஆபீஸ்ல ஒக்காரவா மாமா இவ்ளோ பேச்சு கேட்டேன்?” என்றாள்.

காலணி கொடுக்கவேண்டியது கம்பெனியின் பொறுப்பு, ஒரு கடிதம் எழுதிப்போடலாம் என்றேன்.

“சேர்றதுக்கு முன்னாடியே மனுவா?”

செவ்வாய்க்கிழமை கடலூர்க் கடைத்தெரு முழுக்கச் சுற்றினோம். ஒரு கடைக்காரர், “பொம்பளப் புள்ளைக்கா? ஸ்கூல் ஷூ தரேன், அதுவும் கறுப்புதான்,” என்றார். இன்னொருவர் ஆறாம் நம்பரை எடுத்துக்கொடுத்து, உள்ளே பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னார். நல்ல யோசனையாகத்தான் எனக்குப் பட்டது. அவள் என்னைப் பார்த்த பார்வையில் அந்த யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். சாயங்காலம் அம்மாவிடம் போனில் பேசினாள். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். “இருக்காரு,” என்று பதில் வந்ததாம்.

புதன்கிழமை மத்தியானம் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தபோது வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். மாப்பிள்ளை. பின்னால் ஓர் அட்டைப்பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்.

“தண்ணி குடுங்க மச்சான். வெயிலு ஜாஸ்தி.”

ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்துவிட்டு, பெட்டியை மேசைமேல் வைத்தார். மகள் முன்னறைக் கதவருகே நின்றிருந்தாள். அவர் அவளைப் பார்க்காமல் என்னிடமே சொன்னார்.

“அவ அம்மா சொன்னா. நம்ம கடையிலயே சேஃப்டி ஷூ விக்கிறேன். நாலாம் நம்பரு ஒரு தடவகூட வந்ததில்ல. யாரும் கேட்டதில்ல. விழுப்புரத்துல கேட்டேன், இல்லன்னுட்டான். பாண்டில ஒருத்தன் வெளிநாட்டுக்கு அனுப்புறதுக்குப் பண்றான். அவன்கிட்ட இருந்துச்சி. அங்கேருந்துதான் வரேன்.”

“போன்ல சொல்லியிருந்தா பார்சல்ல வந்திருக்குமே மாப்ள.”

“பார்சலு வெள்ளிக்கெழமதான் வரும்.”

வெள்ளிக்கு முந்திய நாள் எது என்பது அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும். மகள் கதவை விட்டு இரண்டடி முன்னால் வந்தாள்.

“காலைல ஒருத்தன் வந்து, பொண்ணு கோர்ட்டுல சேந்துடுச்சான்னான்,” என்றார் மாப்பிள்ளை. இப்போது மகளைப் பார்த்தார். “கோர்ட்டு இல்ல, கோருன்னேன். அப்டின்னா என்னான்னான். எனக்குச் சொல்ல வரல. சுருக்கமா சொல்லு. கடையில கேப்பானுவோ, சொல்லணும்ல.”

அவள் யோசித்தாள்.

“மெஷினு நிக்காம பாத்துக்குற வேலன்னு சொல்லுப்பா.”

“மெஷினு நிக்காம பாத்துக்குற வேல,” என்று அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். “ம். இது புரியும்.” பிறகு, “ஆனா கொஞ்சம் கெத்தா இல்ல,” என்றார்.

“எஞ்சினியருன்னு சேத்துக்க.”

“அது எல்லாவனும்தான் சொல்றான்.”

கயிற்றை அவிழ்த்து ஷூவை எடுத்தார். கறுப்பு. நான் நினைத்ததைவிடக் கனம். அவள் நாற்காலியில் உட்கார்ந்து போட்டுக்கொண்டு எழுந்து, கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். டைல்ஸ் தரை தொம் தொம் என்றது. மாப்பிள்ளை தரையில் குந்தி உட்கார்ந்து, பள்ளிக்கூடத்துக்கு ஷூ வாங்கும்போது எல்லா அப்பாக்களும் செய்கிறபடி, கட்டைவிரலால் முனையை அழுத்திப் பார்த்தார். விரல் எங்கே இருக்கிறது என்று தெரியவேண்டுமே. உள்ளே இரும்பு. அமுங்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். அமுங்கவில்லை.

“வெரல் இடிக்கிதா?”

“இல்லப்பா. சரியா இருக்கு.”

அண்ணாந்து அவள் முகத்தைப் பார்த்தார். பொய்யா நிஜமா என்று சோதிக்க அதற்குமேல் ஒரு வழியும் இல்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“காலைல எத்தன மணிக்கி வண்டி?”

“எட்டுக்குப்பா. முனையில வந்து ஏத்திக்குவாங்க.”

“அப்ப நான் இங்கயே படுத்துக்குறேன் மச்சான். அவ அம்மா கடையத் தொறந்துக்குவா.” சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, தலைக்குமேல் ஓடுகிற என் மின்விசிறியைச் சற்று நேரம் உற்றுக் கேட்டார். “பாப்பா, இதுல என்னமோ உருள்ற மாதிரி இல்ல?”

“உருளுதுப்பா. நான் வந்த அன்னிக்கே மாமாகிட்ட சொல்லிட்டேன்.”

சொன்னாள்தான். எலக்ட்ரீஷியனுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன் என்று நான் பதில் கொடுத்திருந்தேன். அவள் ஷூவைக் கழற்றாமலே நாற்காலியை இழுத்து மின்விசிறிக்கு நேர் கீழே போட்டாள். மாப்பிள்ளை போய் சுவிட்சை அணைத்தார்.